விருத்தாசலம் வரைக்கும்

போன வாரம் தெரபி சென்டர் வாசலில் ஒரு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடியில் நாலு வயதுப் பையன். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, "அக்கா, உங்க பையன் தானா குளிப்பானா?" என்று கேட்டார். அவர் கையில் முழங்கை வரைக்கும் நகக்கீறல். அன்று காலையில் பையன் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது பட்டதாம். அதற்குள் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். "குளிப்பான்மா, ஆனா அதுக்கு ஏழு வருஷம் ஆச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கீறல் கண்ணிலேயே நின்றது. அவ்வளவோடு விட்டுவிட்டு வந்திருக்கக் கூடாது. அவருக்குச் சொல்ல நினைத்த மீதியை இங்கே எழுதுகிறேன்.

என் மகனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. வீட்டில் தம்பி என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பேச்சு உண்டு, ஆனால் ஒரு சொல், இரண்டு சொல்தான். அதற்கு மேல் தேவைப்பட்டால் நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவான். நாங்கள் இருப்பது திருச்சியில். தம்பிக்கு ரயில் என்றால் உயிர்.

ஐந்து வயது வரைக்கும் அவன் குளிக்கிற நேரம் எங்கள் தெருவுக்கே தெரியும். பாத்ரூம் வாசலிலேயே இரண்டு பக்கச் சட்டத்திலும் காலை அண்டக்கொடுத்துக்கொண்டு உள்ளே வரமாட்டான். நான் தூக்க, அவன் அப்பா ஊற்ற, மூன்று நிமிடத்தில் முடித்துத் துண்டில் சுற்றி வெளியே கொண்டுவருவோம். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கும். எனக்கும் கை நடுங்கும். பிள்ளைக்குத் தண்ணீர் என்றால் பயம் என்றே எல்லோரும் முடிவுகட்டிவிட்டோம். பயந்த கோளாறு, மந்திரித்துக் கயிறு கட்டுங்கள் என்றும் சொன்னார்கள், கட்டினோம்.

ஆனால் அதே பிள்ளையை ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனால், காவிரியில் தண்ணீர் வருகிற நாட்களில், இடுப்பளவு தண்ணீரில் படியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டான். தண்ணீருக்குப் பயப்படுகிறவன் ஆற்றில் எப்படி இப்படி உட்காருகிறான் என்று எங்கள் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டது என் மாமியார். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஒருநாள் பாத்ரூம் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏம்மா, ஆத்துல எறங்குறப்ப காலுதான மொதல்ல நனையும்? நீங்க என்னடான்னா எடுத்த எடுப்புல உச்சந்தலையில கொட்டுறீங்க. எனக்கே மூச்சு முட்டிப்போகும். புள்ள என்ன செய்யும்?"

மறுநாளிலிருந்து பாதத்துக்கு மட்டும் ஊற்றினோம். இரண்டு வாரம் பாதம் மட்டும்தான். மற்ற இடமெல்லாம் ஈரத்துண்டால் துடைத்து எடுத்தேன். அப்புறம் முழங்கால், தொடை, இடுப்பு. ஆற்றில் படி இறங்குவதுபோல. தோளுக்கு வர நாலு மாதம் ஆனது. அழுகை பாதியாகக் குறைந்தது. ஆனால் உள்ளே வருவதற்கு மட்டும் இன்னமும் அடம்.

அந்த மீதிப் பாதி விளங்கியது தற்செயலாகத்தான். ஒருநாள் மோட்டார் ரிப்பேர். கீழ் வீட்டிலிருந்து இரண்டு வாளித் தண்ணீர் தூக்கிவந்து முன்னாலேயே வைத்துவிட்டேன். அன்றைக்குத் தம்பி தானாக நடந்து உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தான். நான் அப்படியே நின்றுவிட்டேன். என்ன வித்தியாசம் என்று யோசித்து யோசித்துப் பார்த்ததில் ஒன்றுதான் அகப்பட்டது. அன்று குழாயைத் திறக்கவில்லை. காலி பிளாஸ்டிக் வாளியில் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் அன்று இல்லை. நாலு பக்கமும் டைல்ஸ் ஒட்டிய சின்ன அறையில் அந்தச் சத்தம் எப்படி எதிரொலிக்கும் என்று கதவைச் சாத்திக்கொண்டு ஒருதடவை கேட்டுப் பாருங்கள். இரண்டு வருடம் அந்தச் சத்தத்துக்குள் அவனைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறோம். இன்றைக்கு எழுதும்போதும் அது எனக்குத் தாங்கவில்லை.

அதிலிருந்து அவன் வருவதற்கு முன்பே வாளி நிறைந்திருக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் அணைத்திருக்கும். இவ்வளவுதான் மாற்றியது.

சத்தம், தொடுதல், வெளிச்சம், வாசனை இவற்றை அளவுக்கு மீறியோ அளவுக்குக் குறைந்தோ உணர்வதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளைக் கண்டறியும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில்தான் சேர்த்தார்கள். பெற்றவர்களுக்கு அதற்கு வெகுகாலம் முன்பே தெரிந்திருக்கும், சொல்லத்தான் வார்த்தை இருந்திருக்காது. நம் ஊர் விண்ணப்பப் படிவங்களில் ஆட்டிசத்துக்கு நேராக 'புற உலகச் சிந்தனையற்றவர்' என்று இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நொந்துபோகும். மூன்றாவது வீட்டில் மிக்சி போட்டால் காதைப் பொத்துகிற பிள்ளை அவன். புற உலகம் அவன்மேல் கொட்டிக்கொண்டே இருக்கிறது.

உணர்வு குறைந்து இருப்பதும் உண்டு என்றேனே, குளியலில் அது ஆபத்து. தம்பிக்குச் சூடு சட்டென்று உறைக்காது. ஒருதடவை ஹீட்டர் தண்ணீரில் விளாவாமல் கையை விட்டுவிட்டு, சிவந்த பிறகும் எடுக்காமல் நின்றான். அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்தோம்: முதலில் பச்சைத் தண்ணீர் முக்கால் வாளி, அதன் பிறகுதான் வெந்நீர். ஹீட்டரின் வெப்ப அளவையும் ஆள் வைத்துக் குறைத்துவிட்டோம். பிள்ளை தானே குளிக்க ஆரம்பிக்கும் முன்பு இதைச் செய்துவிடுங்கள்.

தொடுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பூப்போலத் தொட்டால் பிள்ளைக்குச் சுகமாக இருக்கும் என்று நினைத்தேன். அவனுக்கு அதுதான் ஆகவில்லை. நுரையை லேசாகத் தடவினால் உடம்பைக் குறுக்கிக்கொள்வான். ஆனால் சனிக்கிழமை அவன் ஆச்சி நல்லெண்ணெய் வைத்து முழங்காலிலிருந்து பாதம் வரை அழுத்தி உருவிவிடும்போது கண்ணை மூடிக்கொண்டு கிடப்பான். சென்டரில் ஓ.டி. மேடமிடம் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளைப் பழக்குகிறவர்) இதைச் சொன்னபோது, அழுத்தமான தொடுதல் நிறையக் குழந்தைகளை அமைதிப்படுத்தும், மேலோட்டமான தொடுதல்தான் கூசும், எரியும் என்றார். அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின், தானே ஆட்டிசம் உள்ள பேராசிரியர், இளவயதில் தன் உடம்பை இருபுறமும் அழுத்திக்கொள்ள ஒரு பெட்டியையே மரத்தில் செய்துகொண்டவர் என்பதையும் அவர்தான் சொன்னார். சின்ன வயதில் தலைக்கு ஷாம்பு போடும்போது தனக்கு வலிக்கும் என்று அந்த அம்மையார் எழுதியிருக்கிறார். வலிக்கும் என்ற வார்த்தையைக் கவனியுங்கள். அன்றைக்குப் பிறகு நான் தம்பியை அடம்பிடிக்கிறான் என்று சொல்வதை விட்டேன்.

எனவே எண்ணெய்க் குளியல் எங்களுக்கு வரமாக அமைந்தது. முதலில் கால் உருவி, முதுகு அழுத்தி, கடைசியில்தான் தலை. சீயக்காய்ப் பொடி மட்டும் நரநரவென்று இருப்பதால் அவனுக்கு ஆகாது. வாசனை இல்லாத ஷாம்புவை உள்ளங்கையில் நன்றாகக் குழைத்துவிட்டு, விரல் நுனி படாமல் உள்ளங்கையை அழுத்தி வைத்துத் தேய்ப்பேன்.

பல் தேய்ப்பதில் நான் செய்த தவறு இதைவிடப் பெரியது.

தம்பிக்கு நாலரை வயதில் வந்த முதல் சில வார்த்தைகளில் ஒன்று "காரம்". எதற்கெடுத்தாலும் காரம் என்பான். காலையில் பிரஷ்ஷைக் காட்டினாலே "காரம், காரம்" என்று ஓடுவான். வார்த்தை வந்துவிட்ட சந்தோஷம் எனக்கு. ராத்திரிச் சாப்பிட்ட சட்னியைச் சொல்கிறான் என்று நினைத்துச் சட்னியில் மிளகாயைக் குறைத்தேன். ஏறக்குறைய ஒரு வருடம் சட்னியில் மிளகாயைக் குறைத்துக்கொண்டே வந்தேன்! ஒருநாள் பேஸ்ட்டை நானே நாக்கில் ஒரு பட்டாணி அளவு வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தேன். புதினா. குளிர்ச்சி என்று நமக்குப் பழகிப்போன அந்த எரிச்சல். பிள்ளை அதற்குத் தன்னிடம் இருந்த ஒரே வார்த்தையைச் சொல்லியிருக்கிறான்.

புதினா இல்லாத, அதிகம் நுரைக்காத குழந்தைகள் பேஸ்ட்டுக்கு மாற்றினோம். ஃபுளூரைடு இருக்க வேண்டும் என்று பல் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு, அதற்கு மேல் வைக்கத் தேவையில்லை, விழுங்குகிற பிள்ளை என்றால் அந்த அளவு முக்கியம். ஆச்சி பல்பொடி சொன்னார். பொடி ஈறில் படுகிற அந்த உணர்வு அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பேட்டரி பிரஷ் சில பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்குமாம், தம்பி அதைத் தூக்கி எறிந்துவிட்டான். மிருதுவான சாதாரண பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்தது, அதுதான் இன்று வரைக்கும்.

காரம் போனது. ஆனால் தானே தேய்க்க வேண்டுமே. ஓ.டி. மேடம் ஒரு தாளைக் கொடுத்து, பல் தேய்ப்பதில் எத்தனை வேலை இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வரச்சொன்னார். ஐந்தாறு இருக்கும் என்று உட்கார்ந்தேன். பிரஷ்ஷை எடுப்பது, நனைப்பது, பேஸ்ட் மூடியைத் திறப்பது, பிதுக்குவது, மூடுவது என்று போய்ப் பதினேழில் நின்றது. பதினேழையும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர் சொல்லித்தந்த முறை கடைசியிலிருந்து முதலுக்கு வருவது. பதினாறு வேலையையும் அவன் கையைப் பிடித்து நானே செய்துவிடுவேன். பதினேழாவது, பிரஷ்ஷை உதறி டம்ளரில் போடுவது, அது மட்டும் அவனுடையது. டம்ளரில் 'டக்'கென்று விழுந்ததும் வேலை முடிந்தது, சபாஷ், வெளியே ஓடலாம். அது கைவந்ததும் பதினாறும் பதினேழும் அவனுடையது. முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தால் பிள்ளை எப்போதும் நடுவில் தோற்று நிற்கும். இப்படிச் செய்தால் தினமும் முடித்துவிட்டுத்தான் வெளியே வருவான். அந்த 'டக்' சத்தத்துக்காகவே காலையில் சீக்கிரம் எழ ஆரம்பித்தான்.

கை பிடிப்பதும் முன்னால் நின்று பிடிக்கக் கூடாது. பின்னால் நின்று, அவன் கைமேல் என் கை. போகப் போக மணிக்கட்டை மட்டும் தொடுவது, அப்புறம் முழங்கை, அப்புறம் தோளில் ஒரு விரல். ஒன்பது வயதில் அந்த விரலையும் எடுத்துவிட்டேன். ஆனால் ஒரு இடத்தில் மட்டும் நின்றுகொண்டே இருந்தான். பேஸ்ட் வைத்த பிரஷ்ஷைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி, வாய்க்குக் கொண்டுபோகாமல். பத்து நாள் போலக் குழம்பினேன். அவன் அப்பா செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டியபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் நான் "ம்" என்கிறேன். எனக்கே தெரியாமல். அந்த "ம்" அவனுக்குப் பதினெட்டாவது வேலையாகிவிட்டது, அது வராமல் தொடங்க மாட்டான். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கப் பழகினேன். வாயால் சொல்லுகிற உதவியை எடுப்பது கையால் செய்கிற உதவியை எடுப்பதைவிடக் கஷ்டம், இதை அனுபவித்துச் சொல்கிறேன். வாயைக் குறைத்துக்கொள்ளுங்கள், படத்தைக் காட்டுங்கள்.

படம் என்றால் கடையில் விற்கிற கார்ட்டூன் அட்டை வேண்டாம். எங்கள் பாத்ரூம், எங்கள் மஞ்சள் மக், அவன் கை, எல்லாம் செல்போனில் எடுத்து ஸ்டுடியோவில் பிரின்ட் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கயிற்றில் மாட்டினோம். ஒருமுறை சோப்பு மாறிப்போனது. பச்சை சோப்பு இருந்த இடத்தில் வெள்ளை. படத்தில் பச்சை. அன்று குளியல் அங்கேயே நின்றது. இப்போது சோப்பை மாற்றுவதென்றால் முதல் நாளே படத்தை மாற்றிவிடுவேன். காலையில் படத்தைத் தொட்டுப் பார்த்து, "வெள்ளை" என்பான். அவ்வளவுதான், சம்மதம்.

எவ்வளவு நேரம் தேய்க்க வேண்டும் என்பதற்குக் கடிகாரம், மணல் கடிகாரம், பாட்டு எல்லாம் போட்டுப் பார்த்தோம். கைகொடுத்தது ரயில்தான். அவன் அப்பாவுடைய யோசனை. திருச்சியிலிருந்து விழுப்புரம் போகிற வழியில் வரிசையாக ஸ்ரீரங்கம், லால்குடி, அரியலூர், விருத்தாசலம். மேல் வலது ஸ்ரீரங்கம். மேல் இடது லால்குடி. கீழ் இடது அரியலூர். கீழ் வலது விருத்தாசலம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இருபது எண்ணும் வரைக்கும் நிற்க வேண்டும். விருத்தாசலம் வந்தால் துப்பிவிட்டுக் கொப்பளிக்கலாம். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் தாத்தா வீட்டுக்குப் போகும்போது அரியலூர் வந்ததும் கன்னத்தின் கீழ்ப்பக்கத்தைத் தொட்டுக் காட்டுவான்.

கழிப்பறை விஷயம் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிறைய அம்மாக்கள் ராத்திரியில் தனியாக அழுவது இதற்குத்தான் என்பதால் எழுதுகிறேன். இந்தப் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு மலச்சிக்கல் உண்டு. கட்டிக்கொண்டு வலித்தால் உட்காரவே பயம் வரும், அடக்குவார்கள், இன்னும் கட்டும். ஆகவே முதலில் டாக்டரைப் பார்த்து அதைச் சரிசெய்யுங்கள், பயிற்சி அப்புறம். இரண்டாவது, வயிறு முட்டுகிறது என்று உடம்பு உள்ளிருந்து சொல்கிற சேதி இவர்களுக்குச் சரியாகப் போய்ச் சேராது. "வருதா? வருதா?" என்று கேட்டுப் பயனில்லை. சாப்பிட்டவுடன் குடல் தானாக அசையும், அதனால் சாப்பாடு முடிந்து கால் மணி, இருபது நிமிடத்தில் உட்கார வைப்போம். ஐந்து நிமிடம், வந்தாலும் வராவிட்டாலும் எழுந்துவிடலாம். மேல்நாட்டுக் கழிப்பறையில் கால் தொங்கினால் அவனுக்குப் பிடிமானம் இல்லை, ஒரு பலகை போட்டுப் பாதம் ஊன்றியதும் பயம் பாதி விட்டது.

கழுவக் கற்றுக்கொடுப்பதுதான் எங்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஆன வேலை. அவனுக்குக் கண்ணுக்குத் தெரியாத இடம், சுத்தமாகிவிட்டதா என்று எப்படிப் புரியவைப்பது? மாமியார் மறுபடியும் கைகொடுத்தார். எவர்சில்வர் தட்டின் அடிப்புறத்தில் இட்லி மாவைப் பூசி, அவன் முதுகுப் பக்கமாகப் பிடித்துக்கொண்டு, கையைப் பின்னால் கொண்டுபோய்க் கழுவச் சொன்னார். மாவு வழுவழுக்கும். வழுவழுப்பு போய்த் தட்டு 'கிரீச்' என்று கையில் பிடிக்கிற வரைக்கும் கழுவ வேண்டும். அந்த வித்தியாசம் கைக்குத் தெரிய இரண்டு மாதம் ஆனது. அதன் பிறகு கழிப்பறையில் "மாவு போச்சா?" என்று கேட்டால் போதும். "போச்சு" என்பான், உண்மையாகவே போயிருக்கும். சோப்புப் போட்டுக் கை கழுவுவது அவனுக்குப் பிடித்த வேலை என்பதால் அதற்குக் கஷ்டமே படவில்லை.

ஐந்தரை வயதில் ஒரு பள்ளியில் அவனைச் சேர்த்துக்கொண்டு மூன்றாம் வாரத்தில் திருப்பி அனுப்பினார்கள். பாத்ரூம் பழக்கம் வந்த பிறகு கூட்டி வாருங்கள் என்றார்கள். ஈரக் கால்சட்டையோடு வாட்ச்மேன் பக்கத்தில் ஸ்டூலில் உட்காரவைத்திருந்தார்கள். நான் அன்றைக்கு ஒன்றும் பேசாமல் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்து 21 வகைக் குறைபாடுகள் உண்டு. 40 சதவீதத்துக்குக் குறையாத சான்றிதழ் உள்ள ஆறு முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு, வீட்டுக்கு அருகில் உள்ள பள்ளியிலோ விருப்பமான சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கிற உரிமை அந்தச் சட்டத்தில் இருக்கிறது. இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அடுத்த பள்ளிக்குப் போகும்போது கும்பிட்டுக் கெஞ்சியிருக்க மாட்டேன். சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அவன் படிக்கிற இடத்தில் ஆயாம்மாவிடம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை பாத்ரூமுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன், ஒரு மாதத்தில் கால்சட்டை நனைவது நின்றது. தேவைப்பட்டது அவ்வளவுதான்.

நகம், முடி இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளித்து முடித்ததும் நகம் ஊறியிருக்கும், அப்போது வெட்டினால் சுளுவு. விரல் நுனியை முதலில் நன்றாக அழுத்திவிட்டு வெட்டினால் கூச்சம் குறைகிறது. ஒருநாளைக்கு இரண்டு விரல்தான். முடிக்கு, தெருமுனை சலூன் அண்ணனிடம் பேசி, ஆள் இல்லாத மதியம் மூன்று மணிக்கு நேரம் வாங்கிக்கொண்டோம். மெஷின் போடவே மாட்டார், முழுக்கக் கத்தரிதான். மூன்று தடவை வெறுமனே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தான், அதற்கு அந்த அண்ணன் காசு வாங்கவில்லை. வெட்டின முடி கழுத்தில் படாமல் இருக்க ஈரத்துணி சுற்றுவார். குலதெய்வக் கோவிலில் மொட்டை அடித்தபோது நாலு பேர் சேர்ந்து நாங்கள்தான் அவனை அமுக்கிப் பிடித்தோம். அந்த மூன்று வயது முகம் எனக்கு மறக்கவில்லை. அவன் தங்கைக்கு மொட்டை அடிக்கிற நாளில் அவனை வீட்டிலேயே அப்பாவோடு விட்டுவிட்டுப் போனேன். சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்பதை நான் காதில் வாங்கவில்லை.

அமுக்கிப் பிடிப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவசரத்துக்கு, ஊசி போட, காயத்துக்கு மருந்து வைக்க என்றால் வேறு. தினசரிக் குளியலுக்கும் பல்லுக்கும் பிள்ளையை அமுக்குவதை நான் ஒருநாள் நிறுத்தினேன். என்றோ ஒருநாள் தப்பான ஆள் தப்பான எண்ணத்தோடு தொட்டால், இவன் 'வேண்டாம்' சொல்ல வேண்டும். வீட்டில் அவன் உடம்பு சொன்ன 'வேண்டாம்' ஒன்றைக்கூட நாங்கள் மதிக்காமல் வளர்த்துவிட்டு, வெளியே மட்டும் சொல் என்றால் எங்கிருந்து சொல்வான்? அதனால் ஒரு ஏற்பாடு. அவன் உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டினால் யாராக இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். ஐந்து எண்ண வேண்டும். எண்ணி முடித்ததும் இன்னொருமுறை கேட்டுவிட்டுத் தொடரலாம். தொடக்கத்தில் ஒரு குளியலுக்கு முப்பது தடவை கை காட்டினான். நிற்கிறோமா என்று சோதித்துப் பார்த்தான். நின்றோம். இரண்டு மாதத்தில் மூன்று, நாலு தடவையாகக் குறைந்தது. போன வருடம் ஊரிலிருந்து வந்த மாமா ஒருவர் கன்னத்தைக் கிள்ள வந்தபோது அதே கையை நிமிர்த்தினான். மாமா நின்றார். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு நிம்மதி.

போன வருடத்திலிருந்து வியர்வை வாசனை மாறிவிட்டது. மேலுதட்டில் லேசாக நிழல். குளிப்பாட்டுகிற வேலையை நான் விட்டுவிட்டேன். முதல் மூன்று மாதம் அவன் அப்பா உள்ளே நின்றார், பிறகு கதவுக்கு வெளியே. அக்குளுக்கும் தொடை இடுக்குக்கும் தனிப் படம் எடுத்து மாட்டினோம். குளித்துவிட்டு ஈர உடம்போடு அப்படியே ஹாலுக்கு ஓடிவருகிற பழக்கத்தை மாற்றத்தான் கஷ்டப்பட்டோம். கடைசியில் பாத்ரூமுக்குள்ளேயே ஒரு ஆணியில் துண்டும் உடுப்பும், அதற்கு மேலே சாத்திய கதவின் படம். சட்டை போட்ட பிறகுதான் கதவு திறக்கும். தாழ்ப்பாளை மாற்றி, வெளியிலிருந்து ஒரு ரூபாய்க் காசை வைத்துத் திருப்பினால் திறக்கிறமாதிரிப் போட்டிருக்கிறோம். காசு நிலைப்படி மேலேயே இருக்கிறது.

பொங்கல் கழிந்த வாரம் ஒரு காலையில் துண்டை எடுத்துக்கொண்டு போனவன், நான் பின்னால் வருகிறேனா என்று திரும்பிப் பார்த்தான். வந்தேன், பழக்கதோஷம். உள்ளங்கையை நிமிர்த்தினான். நான் நின்று, ஐந்து எண்ணினேன். அதற்குள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டான். நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன். உள்ளே "ஸ்ரீரங்கம்" என்று கேட்டது. "லால்குடி." "அரியலூர்." அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. காசை எடுக்கக் கை நிலைப்படிக்குப் போய்விட்டது. எடுக்கவில்லை. "விருத்தாசலம்" என்றான். துப்புகிற சத்தம், கொப்பளிக்கிற சத்தம், டம்ளரில் 'டக்'.

தலைக்குக் குளித்தால் காதுக்குப் பின்னால் நுரை இன்னமும் அப்படியே நிற்கிறது. பின்கழுத்தும் அப்படித்தான், வெயில் நாளில் வேர்க்குரு வந்துவிடுகிறது. அந்த இரண்டு இடத்துக்கும் நேற்று ராத்திரி படம் எடுத்திருக்கிறோம், அவன் அப்பா நாளைக்குப் பிரின்ட் போட்டுக்கொண்டு வருகிறார். கீறல் பட்ட கையோடு வந்த அந்த அம்மாவை வரும் வியாழக்கிழமை பார்ப்பேன். முதலில் அவர் வீட்டு வாளி பிளாஸ்டிக்கா, குழாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.